லீவில் சாப்பாட்டுக் கணக்கை நிறுத்தி வைக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் காலை நடைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் சாப்பிடுவதை எழுதி வைக்கிறவர்கள். சிலர் ஆப்பில் எழுதுகிறார்கள், சிலர் நோட்டில், ஒருவர் மட்டும் கிழித்த தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில். ஏப்ரல் கடைசி வந்துவிட்டால் போதும், ஊருக்கு டிக்கெட் போட்ட கையோடு எனக்கு மெசேஜ் வர ஆரம்பித்துவிடும். ஆயுத பூஜை லீவு, பொங்கல் லீவுக்கு முன்னாலும் இதே கதைதான். திரும்பத் திரும்ப அதே சந்தேகங்கள் என்பதால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டு, ஒரே இடத்தில் பதில் எழுதியிருக்கிறேன். நான் டாக்டரோ டயட்டீஷியனோ இல்லை. நாலு வருடமாக எழுதி, 11 கிலோ குறைத்து, அதைத் தக்கவைத்திருக்கிறவள், அவ்வளவுதான். மருந்து மாத்திரை எடுக்கிறவர்கள் தயவுசெய்து சர்க்கரை பற்றிய கேள்வியை முதலில் படித்துவிட்டு மற்றதுக்கு வாருங்கள்.

நான் குரூப்புக்குப் புதுசு. ட்ராக் பண்றதுன்னா சரியா என்ன பண்றீங்க?

சாப்பிட்டது என்ன, எவ்வளவு என்று அன்றன்றே எழுதுவது. ஹெல்திஃபைமி, மைஃபிட்னஸ்பால் மாதிரி ஆப்பில் போட்டால் அது கலோரி, புரதம், மாவுச்சத்து, கொழுப்பு என்று பிரித்துக் காட்டும். பின்னால் இருக்கிற கணக்கு சின்னதுதான்: 1 கிராம் மாவுச்சத்துக்கு 4 கலோரி, புரதத்துக்கும் 4, கொழுப்புக்கு 9. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி பக்கம் வருவது இதனால்தான். தாளிக்கும்போது கை கொஞ்சம் தாராளமானால் கணக்கு எங்கேயோ போய்விடுகிறது.

ஆனால் எனக்கு உதவியது அந்த எண் இல்லை. மூன்றாவது தோசைக்குத் தட்டை நீட்டும் முன்னால் "இதை எழுதணுமே" என்று ஒரு நொடி நிற்கிறோம் பாருங்கள், அந்த ஒரு நொடிதான்.

லீவுல எழுதாம விட்டா எல்லாம் வீணாயிடுமா?

ஆகாது. ஒரு வாரம், பத்து நாள் எழுதாமல் இருந்ததால் யாருடைய வருஷக் கணக்கும் கவிழ்ந்து நான் பார்த்ததில்லை. ஊரிலிருந்து வந்தபிறகு "நாளைக்கு ஆரம்பிக்கலாம், திங்கள்கிழமை ஆரம்பிக்கலாம், ஒண்ணாம் தேதி ஆரம்பிக்கலாம்" என்று தள்ளிப்போட்டுக் கவிழ்ந்தவர்களைத்தான் நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கே ஒரு முறை ஏழு நாள் லீவு மூன்று மாதமாக நீண்டு 4 கிலோ திரும்ப வந்தது. அதில் அந்த ஏழு நாளின் பங்கு மிகக் குறைவு.

அதனால் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான். கிளம்பும் முன்பே, மறுபடி எழுதத் தொடங்கும் நாளையும் வேளையையும் முடிவு செய்துவிடுங்கள். "வந்தப்புறம்" என்று சொன்னால் போதாது. "ஜூன் 3, செவ்வாய்க்கிழமை, காலை காபி" என்கிற அளவுக்குத் தெளிவாக இருக்கட்டும், போனில் அலாரமும் வைத்துவிடுங்கள்.

நிறுத்தாம லீவுலயும் எழுதினா இன்னும் நல்லதுதானே? நீங்க ஏன் நிறுத்தச் சொல்றீங்க?

கட்டாயம் நிறுத்த வேண்டும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அலட்டிக்கொள்ளாமல் இரண்டு நிமிஷத்தில் எழுதிவிட்டுப் போகிறவர்கள் எழுதுங்கள். ஆனால் எழுதுவதே லீவைத் தின்றுவிடும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

முதல் வருடம் தென்காசியில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தோம். முதல் நாள் மதியம் அவியலைப் பார்த்துவிட்டு, "அத்தை, இதுல எவ்வளவு எண்ணெய் ஊத்துனீங்க?" என்று கேட்டேன். சாதாரணமாகத்தான் கேட்டேன். அதற்கப்புறம் நாலு நாளும் அத்தை தாளிக்கும்போதெல்லாம் என்னைக் கூப்பிட்டுக் கரண்டியை நீட்டிக் காட்டினார். "இவ்வளவுதாம்மா ஊத்துறேன், எழுதிக்கோ." மாமாவின் இலையில் நெய் விட்டவர் என் இலைக்கு வந்ததும் கிண்ணத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டார். எழுபது வயது மனுஷி, அறுபது வருஷமாகக் கண்ணளவில் சமைத்தவர், எனக்காக டம்ளரில் எண்ணெய் அளந்தார். அந்த நாலு நாள் கணக்கு என் ஆப்பில் இன்னும் சுத்தமாக இருக்கிறது. அதைத் திறந்து பார்க்க எனக்கு மனசு வரவில்லை. அடுத்த வருடம் போனபோது போனைப் பையிலேயே வைத்துவிட்டேன்.

சேர்ந்து மூணு வாரம்தான் ஆகுது, அதுக்குள்ள லீவு வந்துடுச்சு. நானும் நிறுத்தலாமா?

மூன்று வாரத்தில் பழக்கம் இன்னும் கையில் பதிந்திருக்காது, முழுக்க விட்டால் திரும்பப் பிடிப்பது கஷ்டம். அதனால் புதியவர்களிடம் ஒரு வேளையை மட்டும் எழுதச் சொல்கிறேன். காலைச் சாப்பாடு வசதி, எந்த ஊரானாலும் பெரும்பாலும் இட்லி, தோசை, பொங்கலுக்குள் அடங்கிவிடும். அளவு சரியா தப்பா என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள், எழுதும் பழக்கம் விட்டுப்போகாமல் இருந்தால் போதும்.

எத்தனை நாள் வரைக்கும் நிறுத்தலாம்? ஒரு கணக்கு சொல்லுங்க.

என் அனுபவத்தில் மூன்று நாளிலிருந்து பத்து நாள் வரை கவலையே இல்லை, இரண்டு வாரம் கடைசி எல்லை. அதற்கு மேல் போனால் பழைய சாப்பாட்டு முறை மெதுவாகத் திரும்பி உட்கார்ந்துகொள்கிறது.

மகன் வீட்டுக்கு ஆறு மாசம் அமெரிக்கா போறோம். அதுவும் லீவுதானே?

இல்லைங்க. ஆறு மாதம் என்றால் அங்கே குடித்தனம். முதல் இரண்டு வாரம் சுற்றிப் பாருங்கள், பேரக்குழந்தையோடு இருங்கள், தூக்கம் சரியாகட்டும். அப்புறம் அந்த ஊர்ச் சமையலறையில் மறுபடி தொடங்கிவிடுங்கள். அங்கே பலருக்கு மாட்டிக்கொள்ளும் விஷயம் சாப்பாட்டைவிட நடைதான். இங்கே பால் வாங்க, கோயிலுக்கு, மாடிப்படி என்று தெரியாமலே நடந்துகொண்டிருந்தோம். அங்கே எதற்கும் கார், வெளியே குளிர். எழுதாவிட்டாலும் நடையை விடாதீர்கள்.

எழுதலைன்னா வேற எதை வச்சுக் கட்டுப்பாடா இருக்கறது?

எழுதுவதை நிறுத்தலாம், கவனிப்பதை நிறுத்த வேண்டாம். என் வழக்கம் இது: அந்த ஊரில் மட்டும் கிடைப்பதை மனசாரச் சாப்பிடுவேன், எங்கேயும் கிடைப்பதை விட்டுவிடுவேன். மதுரையில் கறி தோசை, சாயங்காலம் ஜிகர்தண்டா. ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகப் போனால் பால்கோவா. திருநெல்வேலியில் கடை வாசலில் நின்றபடி இலைத் துண்டில் சூடாக வாங்கும் அல்வா, விரலில் நெய் வழியும், அதை வழித்துச் சாப்பிட்டால்தான் சாப்பிட்ட மாதிரி. குற்றாலத்தில் சாரல் விழும்போது அருவியில் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டே வந்து உட்கார்ந்து பரோட்டாவும் நாட்டுக்கோழியும். இதையெல்லாம் ஒதுக்கிவிட்டு எதற்கு அந்த ஊருக்குப் போக வேண்டும்? நான் விடுவது, பஸ் நிற்கும் இடத்தில் வாங்கும் சிப்ஸ் பாக்கெட், பேக்கரி பப்ஸ், ஒவ்வொரு டீயோடும் வரும் பிஸ்கட், பசியே இல்லாமல் "கிடக்கட்டும்" என்று கொறிக்கும் மிக்சர். லீவில் ஏறுகிற கலோரியில் பெரும்பகுதி இந்த மாதிரி, பிறகு ஞாபகமே இல்லாத சாப்பாட்டில்தான் இருக்கிறது என்பது என் அனுபவம்.

அதோடு ஒவ்வொரு வேளையும் புரதம் என்று ஏதாவது ஒன்று இருக்கிற மாதிரி பார்த்துக்கொள்வேன். முட்டை, மீன், சுண்டல், கெட்டிப் பருப்பு, தயிர், எதுவானாலும் சரி. அது இருந்தால் சாயங்காலம் கைக்குக் கிடைத்ததை வாயில் போடும் அவஸ்தை பாதி குறைகிறது.

மாமியார் வீட்டுல "டயட்"னு வாயைத் திறந்தாலே பிரச்சினை. போதும்னா கேக்க மாட்டாங்க. என்ன பண்ண?

"டயட்" என்ற வார்த்தையையே எடுக்காதீர்கள். சமைத்தவர் காதில் அது "உங்க சாப்பாடு எனக்கு ஆகாது" என்று விழுகிறது, என் அத்தைக்கு விழுந்த மாதிரி. நிதானமாகச் சாப்பிடுங்கள். இலை காலியானால்தான் கரண்டி வரும், எப்போதும் கொஞ்சம் இருக்கிற மாதிரி வைத்துக்கொண்டால் "இன்னும் இதையே முடிக்கல அத்தை" என்று சொல்ல முடியும். இரண்டாம் முறை சாதத்துக்கு ரசம், மோர் என்று சீக்கிரம் நகர்ந்துவிடுங்கள், மோருக்கு வந்தவரை யாரும் சாம்பாருக்குத் திரும்பக் கூப்பிடுவதில்லை. பலகாரத்தை வேண்டாம் என்று சொல்வதைவிட "பொட்டலம் கட்டித் தாங்க, ஊருக்குக் கொண்டுபோறேன்" என்றால் அவர்களுக்கும் சந்தோஷம். வந்து ஆபீஸில் எல்லாருக்கும் கொடுங்கள்.

போட்டோ மட்டும் எடுத்து வச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்து எழுதினா?

இதைச் செய்யாதீர்கள் என்றே சொல்வேன். நூறு போட்டோவோடு வீடு திரும்புவீர்கள். துணி துவைக்கணும், பள்ளிக்கூடம் திறக்கும், அந்த நூறு போட்டோ மலை மாதிரி நிற்கும். "அதை முடிச்சுட்டு இன்னைக்கு உள்ளதை எழுதலாம்" என்று தள்ளிப்போட்டே பலர் மொத்தமாக விட்டிருக்கிறார்கள். விட்ட நாள் விட்டதாகவே இருக்கட்டும். போட்டோவை ஆசைக்கு எடுங்கள்.

அப்போ அந்த நாளெல்லாம் ஆப்ல பூஜ்யம்னு இருக்குமே? என் 210 நாள் ஸ்ட்ரீக் போயிடுமே?

ஸ்ட்ரீக், அதாவது ஒரு நாளும் விடாமல் எழுதினதாக ஆப் காட்டும் நாள் கணக்கு, போகும். எனக்கு 300ஐத் தாண்டியது போயிருக்கிறது, இரண்டு நாள் வருத்தமாக இருந்தது, அப்புறம் மறந்துவிட்டது. அந்த எண்ணைக் காப்பாற்றுவதற்காக ராத்திரி 11.55க்கு ஒரு டம்ளர் பால் என்று மட்டும் போட்டு வைக்கிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் அன்றைய கணக்கு 100 கலோரி என்று பதிவாகி வாராந்திர சராசரியைக் கெடுத்துவிடும், பிறகு அந்தச் சராசரியைப் பார்த்து நீங்களே ஏமாறுவீர்கள். வெற்றாக விட்டுவிடுவது நேர்மையான பதிவு. உங்கள் ஆப் வெற்று நாளையும் சேர்த்துச் சராசரி போடுகிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள், நினைவூட்டல் மணியையும் லீவு முடியும்வரை அணைத்து வையுங்கள்.

ஹோட்டல் சாப்பாட்டுக்கு ஆப்ல வர்ற நம்பர் சரியா இருக்குமா? நான் லீவுலயும் எழுதறதா இருக்கேன்.

அரிசி, பருப்பு, கீரை இதற்கெல்லாம் நம்பகமான அட்டவணை நம்மிடம் உண்டு. ஊட்டி, குன்னூர் பக்கம் லீவுக்குப் போகிறவர்களுக்கு இது பிடிக்கும்: அந்த வேலை தொடங்கியதே குன்னூரில்தான். 1918ல் ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர் அங்கே இருக்கும் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் ஒரே ஒரு அறையில் பெரிபெரி என்ற சத்துக் குறைபாட்டு நோயைப் பற்றி ஆராயத் தொடங்கினார். அதுதான் வளர்ந்து, 1958ல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. அவர்கள் 2017ல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணையில் 528 உணவுப் பொருள்கள் இருக்கின்றன.

ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் சமைக்காத பொருளின் அளவு. நீங்கள் உட்கார்ந்திருக்கிற கடையின் கறி தோசையில் எத்தனை கரண்டி எண்ணெய் என்று எந்த அட்டவணைக்கும் தெரியாது. ஆப்பில் "பரோட்டா" என்று தேடினால் பத்து விதமான எண் வருவது அதனால்தான். 10 கிளைகளோ அதற்கு மேலோ உள்ள உணவகங்கள் மெனுவில் கலோரி போட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி இருப்பதால் பெரிய செயின் கடைகளில் எண் கிடைக்கும். மற்ற இடங்களில் நீங்கள் எழுதுவது உத்தேசம். உத்தேசமாக எழுதுவது தப்பே இல்லை, அதை நம்பி ராத்திரிச் சாப்பாட்டைத் தவிர்ப்பதுதான் தப்பு.

நாலு நாள்ல 2 கிலோ ஏறிடுச்சு!! எல்லாம் போச்சு!

கொஞ்சம் மூச்சு விடுங்கள். 1 கிலோ உடல் கொழுப்பு சேர, தேவைக்கு மேல் ஏறக்குறைய 7,700 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். 2 கிலோவுக்கு 15,400. நாலு நாளால் வகுத்தால், உடம்புக்கு வேண்டியதைச் சாப்பிட்டது போக, அதற்கு மேல் தினமும் 3,850 கலோரி. ஒரு நாள் வேண்டுமானால் முட்டிமோதிச் சாப்பிடலாம், நாலு நாளும் முடியாது.

அப்படியானால் மெஷின் காட்டுவது என்ன? பெரும்பகுதி தண்ணீர். நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பங்கை உடம்பு தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜன் என்று சேமித்து வைக்கிறது, ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் சேர்ந்து நிற்கும். மாதக்கணக்கில் குறைவாகச் சாப்பிட்டவருக்கு அந்தச் சேமிப்பு குறைந்திருக்கும். லீவில் பரோட்டாவும் இனிப்பும் உள்ளே போனதும் அது நிரம்பும். 300 கிராம் நிரம்பினால் தண்ணீரோடு சேர்த்து 1.2 கிலோ. அப்புறம் சால்னா, ஊறுகாய், அப்பளம் என்று ஏறின உப்பு பிடித்து வைக்கிற தண்ணீர், ராத்திரி பஸ்ஸில் உட்கார்ந்தே வந்ததில் கால் வீக்கம், இரண்டு நாளாகச் சரியாகப் போகாத வயிறு. பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாள்களாக இருந்தால் அதுவும் சேரும். என் கணக்கில் ஏறின 2 கிலோவில் ஒன்றரை கிலோ ஒரு வாரத்தில் தானாக இறங்கியிருக்கிறது, ஒவ்வொரு வருடமும்.

அப்போ மெஷின்ல எப்ப ஏறணும்?

வந்த அன்றைக்கு ஏறவே ஏறாதீர்கள். வழக்கமான வீட்டுச் சாப்பாடு, வழக்கமான தூக்கம் என்று ஐந்து நாளாவது போகட்டும். பிறகு காலையில் பாத்ரூம் போய்விட்டு, எதுவும் குடிக்காமல். அந்த எண்தான் உங்கள் உண்மையான எண், அதைக் கிளம்பும் முன் எடுத்த எடையோடு ஒப்பிடுங்கள். அதனால் கிளம்பும் முன்பும் ஒரு தடவை எடை பார்த்து எழுதி வைத்துவிடுங்கள்.

வந்ததும் ரெண்டு நாள் ஜூஸ் மட்டும் குடிச்சுச் சரிக்கட்டிடவா? டீடாக்ஸ் மாதிரி.

வேண்டாம். ஏறினது பெரும்பாலும் தண்ணீர் என்று மேலே பார்த்தோம், அதற்குப் பட்டினி தேவையே இல்லை. உடம்பிலிருந்து கழிவை வெளியேற்ற கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன, நாம் ஜூஸ் குடிப்பதற்காக அவை காத்திருக்கவில்லை. இரண்டு நாள் பட்டினி கிடந்தவர் மூன்றாம் நாள் ராத்திரி பிரிட்ஜைத் திறந்துகொண்டு நிற்பார், "என்னால முடியாது" என்ற எண்ணமும் கூடவே வந்துவிடும். சாதம், சாம்பார், ஒரு பொரியல், மோர். இதுதான் என் டீடாக்ஸ்.

இதுக்கெல்லாம் ஆராய்ச்சி இருக்கா, இல்ல சும்மா அனுபவமா?

இருக்கிறது, இரண்டு பக்கமும் சொல்கிற மாதிரி. 2003ல் அமெரிக்காவில் ரீனா விங், ராபர்ட் ஜெஃப்ரி என்ற இருவர், எடை குறைப்பில் இருந்தவர்களில் ஒரு குழுவை 6 வாரமும் இன்னொரு குழுவை இடையிடையே 2 வாரமும் வேண்டுமென்றே நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினால் எப்படி வழுக்கி விழுகிறார்கள் என்று பார்ப்பதுதான் நோக்கம். எதிர்பார்த்த மாதிரி யாரும் பெரிதாக விழவில்லை, முடிவில் நிறுத்தாமல் செய்தவர்களுக்கும் இவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 2017ல் வெளியான ஒரு ஆஸ்திரேலிய ஆய்வில், பருமன் உள்ள 51 ஆண்களில் இரண்டு வாரம் டயட், இரண்டு வாரம் இடைவெளி என்று மாறி மாறிச் செய்தவர்களுக்குத் தொடர்ந்து செய்தவர்களைவிட அதிகம் குறைந்தது. ஆனால் அந்த இடைவெளி வாரங்களில் எடை ஏறாத அளவுக்கு அளந்த சாப்பாடு கொடுத்தார்கள், அதை நம் குற்றாலம் டூரோடு சேர்த்துப் பேசக் கூடாது.

மறுபக்கம், ஜார்ஜியா பல்கலைக்கழகத்தினர் 2016ல் வெளியிட்டது. ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரம் வரை விடுமுறை போன 122 பேருக்குச் சராசரியாக 0.3 கிலோ ஏறியிருந்தது, திரும்பி ஆறு வாரம் ஆகியும் அது இறங்கவில்லை. முந்நூறு கிராம்தானே என்று தோன்றும். வருஷம் இரண்டு லீவு, பத்து வருஷம் என்று பெருக்கிப் பார்த்தால் நாற்பது வயதில் நம்மில் பலருக்கு வந்து நிற்கிற எடை எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் புரியும். லீவைவிட, வந்தபிறகு வரும் அந்த ஆறு வாரத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை என்று ஆரம்பத்தில் சொன்னதும் இதனால்தான்.

டூர்ல ஃப்ரெண்ட்ஸோட கொஞ்சம் குடிப்போம். அதை எப்படிக் கணக்குல எடுக்கறது?

மது 1 கிராமுக்கு 7 கலோரி, கிட்டத்தட்ட கொழுப்புக்குப் பக்கத்தில். நம் ஊர் விஸ்கி 60 மி.லி. குடித்தால் 140 கலோரி பக்கம், கூடவே கலக்கும் கோலா தனி, சைடு டிஷ் தனி. மேலே சொன்ன ஜார்ஜியா ஆய்விலும் பயண நாள்களில் குடிப்பது கூடியிருந்தது. கலோரியைவிட எனக்குக் கவலை, அருவியிலும் மலைப்பாதையிலும் குடித்துவிட்டு இறங்குவது, வண்டி ஓட்டுவது. அதை மட்டும் எந்த லீவிலும் செய்யாதீர்கள்.

எனக்குச் சர்க்கரை இருக்கு. நானும் ஒரு வாரம் கணக்கை விடலாமா?

நீங்கள் என்ன மருந்தில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது, கிளம்பும் முன் உங்கள் டாக்டரிடம் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள். சாப்பிடும் மாவுச்சத்தை எண்ணி அதற்கேற்ப இன்சுலின் போடுகிறவர்களுக்கு அந்தக் கணக்கே வைத்தியத்தின் பாதி. லீவு என்று அதை நிறுத்தவே கூடாது. கிளிமெபிரைடு, கிளிக்ளசைடு மாதிரி மாத்திரை எடுக்கிறவர்களுக்கு ஆபத்து வேறு பக்கத்தில் இருந்து வரும்: அருவி, கோயில் என்று சுற்றிவிட்டு மதியச் சாப்பாடு மூன்று மணிக்குப் போனால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரை, 15 நிமிஷம் கழித்து மறுபடி சோதனை. சட்டைப் பையில் குளுக்கோஸ் இருக்கட்டும், கூட வருகிறவருக்கும் அது எங்கே என்று தெரிந்திருக்கட்டும்.

சிறுநீரகப் பிரச்சினைக்காக பொட்டாசியம், உப்பு கணக்கு வைத்திருப்பவர்களுக்கும் இதே பதில்தான். வழியில் இரண்டு இளநீர் என்பது மற்றவர்களுக்கு நல்லது, உங்களுக்கு அதில் இருக்கும் பொட்டாசியம் ஆகாமல் போகலாம். கர்ப்ப காலச் சர்க்கரை உள்ளவர்களும் நிறுத்த வேண்டாம்.

லீவுல நிறுத்தலாம்னா சனி ஞாயிறும் லீவுதானே? அப்பவும் நிறுத்தலாமா?

இந்தக் கேள்வி அடிக்கடி வரும், பதில் பலருக்குப் பிடிக்காது. திங்கள் முதல் வெள்ளி வரை தினம் 400 கலோரி குறைத்தால் 2,000. சனி, ஞாயிறு தலா 1,000 கூடினால் அதே 2,000. ஐந்து நாள் பட்ட பாடு அப்படியே சமன். வருஷத்துக்கு இரண்டு முறை வரும் லீவும், வருஷத்துக்கு 52 முறை வரும் லீவும் உடம்புக்கு ஒன்றில்லை. ஞாயிற்றுக்கிழமை பிரியாணியைச் சாப்பிடுங்கள், எழுதிவிட்டுச் சாப்பிடுங்கள்.

ஒரு நாள் கல்யாணம், காதுகுத்து என்றால் அந்த ஒரு வேளையை மட்டும் விட்டுவிட்டு ராத்திரியிலிருந்து எழுதினால் போதும்.

வெளிய சொல்லக் கூச்சமா இருக்கு. ஆப்ல போடாம எதையும் சாப்பிடப் பயமா இருக்கு, லீவு வருதுன்னாலே தூக்கம் வரல.

கூச்சப்படாதீர்கள், இதை என்னிடம் தனியாகக் கேட்டவர்கள் ஒருவர் இருவர் இல்லை. எழுதாமல் சாப்பிட்டால் குற்ற உணர்ச்சி, சாப்பிட்டதற்குத் தண்டனை மாதிரி நடப்பது, அளக்க முடியாது என்பதற்காகவே சொந்தக்காரர் வீட்டுக்குப் போகாமல் இருப்பது, இதெல்லாம் தொடங்கிவிட்டால் அது மனவுறுதிப் பிரச்சினை இல்லை, உதவி தேவைப்படுகிற ஒரு நிலை. டாக்டரிடமோ மனநல ஆலோசகரிடமோ பேசுங்கள். யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம். எடை எப்போது வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளலாம், முதலில் நீங்கள் நிம்மதியாகத் தூங்க வேண்டும்.

என் பொண்ணுக்கு 14 வயசு, என்னைப் பார்த்து அவளும் எழுத ஆரம்பிச்சிருக்கா. லீவுலயும் விட மாட்டேங்கறா.

வளர்கிற பிள்ளை கலோரி எண்ணக் கூடாது என்பது என் உறுதியான அபிப்பிராயம். குழந்தைகள் டாக்டர் சொல்லிச் செய்தால் அது வேறு. லீவு இதற்கு நல்ல சமயம், இரண்டு பேரும் சேர்ந்தே நிறுத்துங்கள். அவள் முன்னால் "நான் குண்டாயிட்டேன்", "இன்னைக்கு ரொம்ப தின்னுட்டேன்" என்று பேசுவதையும் நிறுத்துங்கள். சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தாலோ, மாதவிடாய் தள்ளிப்போனாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

திரும்பி வந்துட்டேன், தேதியும் வந்துடுச்சு, ஆனா எழுத மனசே வரல.

அந்த முதல் காபியை மட்டும் எழுதுங்கள், அன்றைக்கு வேறெதுவும் வேண்டாம். அடுத்த நாள் காலை வேளை முழுதும். முதல் வாரம் கலோரி இலக்கைப் பார்க்கவே பார்க்காதீர்கள், குறைக்கவும் முயலாதீர்கள், என்ன சாப்பிடுகிறோமோ அது பதிவானால் போதும். ஊரிலிருந்து வந்த அதிரசமும் முறுக்கும் டப்பாவில் இருக்கும்வரை எழுத மனசு வராது என்பது எனக்குத் தெரியும், ஆகவே முதல் நாளே அதைப் பக்கத்து வீடுகளுக்கும் ஆபீஸுக்கும் பிரித்துக் கொடுத்துவிடுகிறேன்.

லீவுல எழுதாமலே எடை ஏறல. அப்போ நிரந்தரமா விட்டுடலாமா?

விடலாம் என்றுதான் நினைக்கிறேன். எல்லாரும் சாகும்வரை எழுத வேண்டும் என்று யார் சொன்னது? ஆனால் ஒரு லீவை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், லீவில் நிறைய நடந்திருப்பீர்கள். வாரம் ஒரு முறை எடை மட்டும் பார்த்து எழுதுங்கள். இரண்டு மாதம் ஒரு கிலோ மேலே கீழே என்று நின்றால் உங்கள் கண்ணளவு சரியாகிவிட்டது என்று அர்த்தம். அந்த வரம்பைத் தாண்டினால் ஒரு வாரம் எழுதிப் பாருங்கள், எங்கே கூடுகிறது என்று தெரிந்துவிடும்.

காலண்டர் தாளில் எழுதுகிறவரைப் பற்றி முதலில் சொன்னேன் இல்லையா, அவர் போன வருடம் பேரன் வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு வந்ததிலிருந்து இப்படித்தான் செய்கிறார். ஞாயிற்றுக்கிழமைத் தாளின் பின்னால் ஒரே ஒரு எண், மற்ற ஆறு தாளின் பின்பக்கமும் வெறுமையாக இருக்கிறது. கடைசியாக நான் பார்த்தபோது 71.4.